தோட்டா எவ்வளவு தாங்கும்?

கோடியக்கரை என்றதும் வெளிமானும் பூநாரையும்தான் நினைவுக்கு வரும். 1967-இல், தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தபோது அந்தக் காடு சரணாலயம் ஆனது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இன்று அங்கே வேட்டை குற்றம். ஆனால் டெல்டாவில் நாட்டுத் துப்பாக்கியால் பறவை சுடுவது பழைய வழக்கம். அந்தத் துப்பாக்கி பறவைக்கு மட்டுமல்ல, சுடுகிறவனுக்கும் ஆபத்து. ஏன் தெரியுமா?

எல்லாம் அழுத்தம்தான். மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயு குண்டைத் தள்ளுகிறது. ரைஃபிள் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து, அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். அதனால் மருந்தைக் கொஞ்சம் கூட்டினாலும் அழுத்தம் அதைவிட அதிகமாக எகிறும். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் 30 சொச்சம்தான்!

வெளிநாடுகளில் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் வேட்டைக்காரர்கள், சுட்ட பிறகு பித்தளைக் கூட்டைப் பார்ப்பார்கள். அடியிலுள்ள கேப்பு தட்டையாகிவிட்டதா? கூடு வெளியே வர அடம்பிடிக்கிறதா? அடிப்பாகத்தில் பளபளவென்று தழும்பு இருக்கிறதா? இருந்தால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் இந்த அடையாளங்கள் தெரியும்போது பெரும்பாலும் வரம்பு ஏற்கனவே தாண்டியிருக்கும். சில சமயம் தாண்டிய பிறகும் எதுவும் தெரியாது. குண்டை மாற்றினால் கணக்கு மாறும், வெயில் ஏறினாலும் மாறும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்து அளந்த அட்டவணையை நம்புகிறார்கள். குறைந்த அளவில் தொடங்கி, அட்டவணையின் உச்சத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

நாட்டுத் துப்பாக்கியில் பார்ப்பதற்குக் கூடே கிடையாது. மருந்தும் ரவையும் குழல் வாய் வழியாகப் போகின்றன, அளவு கைப்பழக்கம். இடித்தது அடிவரை போகாமல் நடுவில் இடைவெளி விழுந்தால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். கரிமருந்துக்குப் பதில் ரைஃபிள் மருந்தைப் போட்டால் கேட்கவே வேண்டாம். குழல் கிழிந்தால் போவது விரல்களும் கண்ணும்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் குழல்களுக்கு வேண்டுமென்றே அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துகிறது. கொல்லுப்பட்டறையில் அடித்த குழலுக்கு அப்படி ஒரு முத்திரை ஏது?

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதைப் போலீஸ் பயம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பது சோதனை அல்ல. வரம்பு எங்கே என்று அளந்தவர்களுக்குத்தான் தெரியும்.