எங்கே படுத்தாய்?

2014 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். வன்னிக் கிராமமொன்றிலே நாம் ஆசிரியத் தொழில் செய்துகொண்டிருந்தோம். மூன்றாந் தவணைப் பரீட்சையின் முதல்நாட் காலை, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வயிற்றைப் பொத்திக்கொண்டு எம்முன் வந்து நின்றான்.

"சேர், விடியப்புறம் தொடக்கம் வயிறு நோகுது."

பரீட்சை நாளில் வரும் வயிற்று நோவை நன்கறிவோம் என்ற இறுமாப்பு எமக்கிருந்தது. "போய் எழுதும்" என்றோம். சிறிது நேரத்தில் அவன் வாந்தியெடுத்தான், இமைகள் சரிந்தன. கண்விழித்துப் படித்த களைப்பென்று அதற்கும் ஒரு காரணங் கற்பித்துக்கொண்டோம். அவன் பேச்சுக் குழறிய பின்னரே பதறினோம்.

வைத்தியசாலையில் முதலிற் பார்த்தவர்கள் குடல்வால் அழற்சியென ஐயுற்றனர். சத்திரசிகிச்சை பற்றிய பேச்சும் எழுந்தது. அவ்வேளை வந்த இளம் வைத்தியர் ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அது இளகியே இருந்தது. சரிந்த இமைகளை நோக்கினார். பின்னர் தாயிடம் கேட்டார்:

"அம்மா, பிள்ளை இராத்திரி எங்கை படுத்தவர்?"

"நிலத்திலைதான் ஐயா, பாய் விரிச்சு."

அந்த விடையிலே நோய் வெளிப்பட்டது. கட்டுவிரியன் இரவில் திரிவது. நிலத்தில் உறங்குவோரைத் தீண்டுவது. அதன் கடியில் நோவும் வீக்கமும் மிகக் குறைவு. பல்லடையாளங்கூடச் சிலவேளை தென்படாது. முதலில் வயிற்று நோவு. பின்னர் இமை சரிவு. ஈற்றில் மூச்சையியக்கும் தசைகளும் செயலிழக்கும். நஞ்சுமுறி மருந்தேற்றினார்கள், செயற்கைச் சுவாசமும் அளித்தார்கள். நான்காம் நாள் அவன் தானே மூச்சுவிட்டான்.

வயிற்று நோவெல்லாம் வயிற்றிலே பிறப்பதில்லை. ஈயத்தோடு வேலைசெய்யும் தொழிலாளிக்கு அந்நஞ்சு உடலிற் சேர்ந்து குடலை முறுக்கும். நீரிழிவு முற்றிய பிள்ளைக்கும் சத்திரசிகிச்சை வேண்டுமோ என ஐயுறத்தக்க நோவு வருவதுண்டு. இவற்றைக் கண்டறிய, நோயாளியின் உடலை மட்டுமன்றி அவன் உழைக்கும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் அறியவேண்டும்.

மூன்றாண்டுகள் அம்மாணவனுக்குத் தமிழ் கற்பித்தோம். ஐந்திணை நிலங்களையும் விளக்கினோம். அவன் எந்த நிலத்தில் உறங்குகிறான் என்று ஒருநாளேனும் கேட்டோமில்லை. ஒரு கட்டிலும், ஓரங்களைச் செருகிய ஒரு நுளம்புவலையும் அக்குடிசையில் இருந்திருந்தால் அந்நோவே பெரும்பாலும் வந்திராது. அவை ஆடம்பரப் பொருள்களல்ல, ஆசிரிய நண்பர்களே! அவை ஒரு பிள்ளையின் மூச்சு. வயிறு நோகுதென்று நாளை ஒரு மாணவன் வந்து நின்றால், முதலில் அவனை நம்புவோம். பின்னர் அந்த வைத்தியர் கேட்ட கேள்வியைக் கேட்போம்.