நாற்பத்தொரு புள்ளி வித்தியாசம்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டி மோதி ஓடுவார்களே, அது. அதிலும் கல்லூரி ஃபுட்பால் என்பது ஒரு தனி உலகம். விளையாடுகிறவர்கள் மாணவர்கள். பார்க்க வருகிற கூட்டமோ நம்மூர் சேப்பாக்கத்தை இரண்டு முறை நிரப்பும்.

ஆட்டம் புரிய ஒரே ஒரு விதி போதும். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. அவ்வளவுதான். மீதி விதிகளெல்லாம் அமெரிக்கர்களுக்கே முழுசாகத் தெரியுமா என்பது சந்தேகம் :-)

இப்போது 2007 அக்டோபர் 6, சனிக்கிழமைக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானம். ஒரு பக்கம் யு.எஸ்.சி. என்கிற தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம். நாட்டில் இரண்டாம் இடம், அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 35 வெற்றி. பீட் கேரல்தான் கோச்.

இன்னொரு பக்கம் ஸ்டான்ஃபோர்ட். ஸ்டான்ஃபோர்ட் என்றதும் நமக்கு கூகுளும் நோபல் பரிசும்தான் ஞாபகம் வரும். படிப்பில் அவ்வளவு பெரிய பெயர். ஆனால் ஃபுட்பாலில் அன்றைக்கு ஒரு நோஞ்சான் அணி. 2006-ல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. 2007-லும் அதுவரை நான்கில் ஒன்றுதான். முந்தைய வாரம் அரிசோனா ஸ்டேட்டிடம் 41-3 என்று செம அடி. ஜிம் ஹார்பா என்ற புது கோச் வந்து அரை சீசன்கூட முடியவில்லை. அந்தக் கோடையில் அவரே யு.எஸ்.சி.யைப் பற்றி, கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே சிறந்த அணியாக இருக்கலாம் என்று பேசியிருந்தார்.

பந்தயம் கட்டுகிறவர்கள் போட்ட கணக்கு இது: யு.எஸ்.சி. 41 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும். ஒரு டச் டவுனுக்கு, கூடுதல் உதையோடு சேர்த்து, ஏழு புள்ளி. அப்படியென்றால் ஏறக்குறைய ஆறு டச் டவுன். இதை ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள், சம்பிரதாயம் என்பார்கள்.

இதற்கும் மேல் ஒரு சோதனை. அணியை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். ஸ்டான்ஃபோர்டின் வழக்கமான குவார்ட்டர்பேக்குக்கு முந்தைய வாரம் வலிப்பு வந்துவிட்டது, ஆட முடியாது. அவருக்குப் பதிலாக டவீட்டா பிரிட்சர்ட். கல்லூரி ஆட்டங்களில் அவர் அதுவரை எறிந்திருந்தது மூன்றே மூன்று பாஸ். முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கப்போவது, அதுவும் இந்த மைதானத்தில்!

மார்க் பிராட்ஃபோர்ட் என்று ஒரு மூத்த வீரர், பந்தைப் பிடிப்பவர். லாஸ் ஏஞ்சலஸ் பையன்தான். அந்த ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார். அந்த நிலையில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ஆட வந்தார்.

முதல் பாதி எல்லோரும் எதிர்பார்த்த மாதிரிதான், 9-0. ஆனால் ஸ்கோர் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்பதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இதற்குள் யு.எஸ்.சி. குவார்ட்டர்பேக் ஜான் டேவிட் பூட்டிக்கு எறியும் கையில் விரல் உடைந்துவிட்டது. உட்கார வைத்திருக்கலாம். பெஞ்சில் மார்க் சான்செஸ் என்ற திறமைசாலி இருந்தார். ஆனால் பூட்டியே ஆட்டம் முழுக்க ஆடினார். மொத்தம் நான்கு பாஸ்கள் எதிரணி கையில் போய் விழுந்தன. அதில் ஒன்றைப் பிடித்து ஸ்டான்ஃபோர்ட் வீரர் ஒருவர் நேராக ஓடி டச் டவுனே போட்டுவிட்டார்.

இது கேரலின் தவறுதான், சந்தேகமே இல்லை. ஆனால் புரிந்துகொள்ள முடிகிற தவறு. இந்த அணியை ஜெயிக்க உடைந்த விரலே போதும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பலமான அணி அசட்டையாக இருக்கிறது என்று ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். அசட்டை என்பது பயிற்சிக்கு மட்டம் போடுவது இல்லை. இன்றைக்கு மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்று தோன்றுகிறதே, அதுதான்.

கடைசி நிமிடங்கள். 23-17 என்று யு.எஸ்.சி. முன்னிலை. பந்து ஸ்டான்ஃபோர்டிடம். நான்காவது வாய்ப்பு, தேவை இருபது யார்டு. இதில் தவறினால் கதை முடிந்தது. பிரிட்சர்ட் எறிய, ரிச்சர்ட் ஷெர்மன் பிடித்தார். கொஞ்சம் அதிகமில்லை, குறைவில்லை, வேண்டிய அளவுக்குச் சரியாக.

அதற்கப்புறம் மறுபடியும் நான்காவது வாய்ப்பு. கோட்டுக்குப் பத்து யார்டு. பிரிட்சர்ட் மூலையைப் பார்த்து உயரமாக எறிந்தார். எம்பிப் பிடித்தது மார்க் பிராட்ஃபோர்ட். மீதி 49 விநாடி. 23-23. கூடுதல் உதை உள்ளே போனது. 24-23.

யு.எஸ்.சி.யின் கடைசி முயற்சியும் ஸ்டான்ஃபோர்ட் கையிலேயே விழுந்தது. எண்பதாயிரத்துக்கும் மேலான கூட்டம் அப்படியே வாயடைத்துப் போனது. யார்டு கணக்கு பார்த்தால் யு.எஸ்.சி. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடியிருந்தது. ஆனால் யார்டுக்கு யார் புள்ளி கொடுக்கிறார்கள்?

கல்லூரி ஃபுட்பாலில் பந்தயக் கணக்குப்படி அதுதான் அதுவரையிலான மிகப் பெரிய அதிர்ச்சித் தோல்வி. 2017-ல் ஹோவார்ட், லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தை 43-40 என்று ஜெயிக்கும்வரை அந்தச் சாதனை நின்றது. அங்கே வித்தியாசம் 45. இன்னொரு வேடிக்கை, யு.எஸ்.சி. அந்த 35 வெற்றிக்கு முன்னால் சொந்த மைதானத்தில் கடைசியாகத் தோற்றது 2001-ல், அதுவும் இதே ஸ்டான்ஃபோர்டிடம்!

பந்தைப் பிடித்த அந்த ஷெர்மன் பிற்பாடு தடுப்பாட்டக்காரராக மாறி, சியாட்டில் சீஹாக்ஸ் அணியில் பெரிய நட்சத்திரமானார். அங்கே கோச் யார் தெரியுமோ? இதே பீட் கேரல். 2014 ஜனவரியில் சூப்பர் பவுலுக்குப் போக சீஹாக்ஸ் மோதியது சான் ஃப்ரான்சிஸ்கோவோடு. அதன் கோச் ஜிம் ஹார்பா. ஜெயித்திருக்கக்கூடிய ஹார்பா அணியின் கடைசிப் பாஸைத் தட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தது ஷெர்மன். சினிமாவில் வைத்தால் ரீல் விடுகிறார்கள் என்போம்.

சரி, அந்த மகா வெற்றிக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்ட் என்ன ஆனது? அடுத்த சனிக்கிழமையே சொந்த மைதானத்தில் டெக்சஸ் கிறிஸ்டியனிடம் 38-36 என்று தோற்றது. சீசன் முடிவில் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி.