மாவுத் தட்டில் புதனின் முகம்

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய பாறைக் கோள்களை வகுப்பறையில் விளக்க, தட்டில் மைதா மாவைப் பரப்பி, மேலே கோகோ தூளை மெல்லியதாகத் தூவி, கோலிக்குண்டை வெவ்வேறு உயரங்களிலிருந்து விழச்செய்யும் சோதனையைவிடச் சிறந்த தொடக்கம் அரிது. குழியைச் சுற்றி விளிம்பு உயர, அடியிலிருந்த வெண்மாவு பழுப்புப் பரப்பின்மீது கதிர்களாகச் சிதறுகிறது. விண்கல் மோதி உண்டாகும் இத்தகைய பள்ளமே மோதற்குழி எனப்படுகிறது. புதனில் ஏறத்தாழ 1,550 கி.மீ. அகலமுள்ள கலோரிஸ் படுகையும் மோதலில் பிறந்ததே. ஆனால் கோலி மாவில் முழுதாகக் கிடக்க, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதும் பெரிய விண்கல்லோ பெரும்பாலும் உருகி ஆவியாகிவிடும் என்னும் வேறுபாட்டை ஆசிரியர் கட்டாயம் சொல்ல வேண்டும். பின்னர்ப் பாதித் தட்டில் புதுமாவைத் தூவிக் குழிகளை மூடினால், எரிமலைக் குழம்பும் காற்றும் நீரும் பூமியின் பழைய வடுக்களை எவ்வாறு அழித்தன என்பது மாணவர்களுக்குக் கண்ணெதிரே விளங்கும்.