ஒன்றா, இரண்டா?

ஆஸ்திரேலியாவில் வாழும் நண்பர், ஓய்வு பெற்றதும் மனைவியோடு கடல் சுற்றப் பாய்ப்படகு வாங்க நினைத்தார். ஒற்றையுடல் படகா, இரட்டையுடல் படகா என்று என்னைக் கேட்டார். நீந்தத் தெரியாத என்னை!

'கட்டமரான்' என்ற பெயரை நம் கட்டுமரத்திலிருந்து எடுத்தார்களே தவிர, அமைப்பை அல்ல. இரட்டையுடல் அகலமானது, அதிகம் சாயாது, மேஜைமேல் காப்பி நிற்கும். ஆனால் கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஒற்றையுடலோ சாய்ந்தே ஓடும். அடியிலுள்ள கனம் அதை நிமிர்த்திவிடும். பம்பாயில் கட்டிய ஒற்றையுடல் தேக்குப் படகு 'சுஹைலி', 1968-ல் தென்கடல் புயல் அடித்துச் சாய்த்தும் எழுந்தது. 1969 ஏப்ரலில் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டனைக் கரை சேர்த்தது.

"ஒற்றையே வாங்குங்கள்" என்று எழுதினேன்.

"சாய்ந்தால் அவளுக்குத் தலைசுற்றும். அவள் வராத கடல் எனக்கெதற்கு?" என்று பதில் வந்தது.

இரட்டையே வாங்கினார். காற்று வலுக்குமுன் பாயைச் சுருக்குங்கள் என்று மட்டும் எழுதினேன்.