எழும்பூர் மணலில் எழுதிய பாடம்

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியின் கையேட்டில் சட்டாம்பிள்ளை முறை பற்றி ஒரு சின்னப் பத்தி உண்டு. முந்திக் கற்ற பிள்ளை பிந்தி வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. இங்கிலாந்தில் ஆண்ட்ரு பெல், ஜோசப் லங்காஸ்டர் என்ற இருவர் பரப்பிய முறை என்றும், இதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றும் பெயர் உண்டு என்றும் போட்டிருக்கும். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. இங்கிலாந்தில் பரவிய முறையோடு நம் ஊர் எப்படிச் சேர்ந்தது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போயிருக்காவிட்டால் நானும் அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

காட்டுப்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. எனக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு. சுவரில் பெரிய திரை, ஆசிரியர் கையில் டேப், பாடப்புத்தகத்தின் ஓரத்தில் கியூஆர் குறியீடு. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப்படி பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் உட்கார்ந்திருப்பார்கள். திரை மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. விதை முளைத்து இலை விடுவதை ஒரே நிமிடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

அன்றைய பாடம் கடன் வாங்கிக் கழித்தல். 52-இல் இருந்து 27. காணொளியில் பத்துக் குச்சிக் கட்டு ஒன்று அவிழ்ந்து, குச்சிகள் துள்ளிக் குதித்து ஒன்றுகளின் பக்கம் போய்ச் சேர்ந்தன. வகுப்பு வாய் பிளந்து பார்த்தது. “புரிஞ்சுதா?” என்றதும் “புரிஞ்சுது மிஸ்” என்று ஒரே குரல். நோட்டைப் பார்த்தால் பாதிப் பேர் 35 என்று போட்டிருந்தார்கள். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டார்கள்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி யாரையும் கேட்காமல் எழுந்து போய், கணிதப் பெட்டியிலிருந்து ஐஸ் குச்சிகளை எடுத்து வந்தாள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. பக்கத்தில் இருந்தவளிடம், “ரெண்டுலேர்ந்து ஏழு போகாதுல்ல? அப்போ ஒரு கட்டைப் பிரி” என்றாள். அவள் ரப்பர் பேண்டை உருவினாள். பன்னிரண்டு குச்சி. ஏழை எண்ணித் தள்ளிவிட்டு மிச்சத்தை எண்ணினாள், ஐந்து. மிஞ்சியிருந்த நாலு கட்டில் இரண்டைத் தள்ளினாள். “இருபத்தஞ்சு!” என்றவள் உடனே திரும்பி, பின்னால் இருந்த பையனுக்கு அதே பாடத்தை அதே வார்த்தைகளில் நடத்தத் தொடங்கிவிட்டாள். என்னைக் கவனித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியை, “பாடக்குறிப்பில் முதலில் இதை எழுதும்மா” என்றார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தக் கையேட்டுப் பத்தி நினைவுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது இந்த முறை என்ற தேடல் அப்படித் தொடங்கியது.

முதலில் அகப்பட்டது பெல் எழுதிய அறிக்கை. 1797-இல் லண்டனில் அச்சானது. இன்று அதன் பிரதியைக் கைபேசியிலேயே படிக்கலாம். பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753-இல் பிறந்தவர், பாதிரியார். 1787-இல் மெட்ராஸுக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் மேற்பார்வை அவரிடம் வந்தது. அங்கிருந்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். பலருடைய தாய்மார் இந்த மண்ணின் பெண்கள். விடுதியில் சம்பளத்துக்கு இருந்த வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அக்கறை இல்லை என்பது பெல்லின் மனக்குறை. ஒருநாள் காலை அவர் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கடந்து போகிறார். அந்தக் கால ஆங்கிலேயர் தமிழர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். தரையில் பரப்பிய மணலில் பிள்ளைகள் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் தம் விடுதியிலும் அதையே செய்யச் சொன்னார். நடக்காது என்றார்கள் வாத்தியார்கள். பெல் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாது என்று விட்டதை அவன் செய்து காட்டினான். பிறகு வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளிடமே பாடம் போனது. அந்த விடுதியில் படித்த வில்லியம் ஸ்மித் என்ற இளைஞன், பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மகன்களைத் திருப்பி அனுப்பிய 1794-இல், தூதுக்குழுவோடு போய் தேவனஹள்ளியில் திப்புவுக்கே அறிவியல் கருவிகளை இயக்கிக் காட்டினான். எழும்பூர் வகுப்பறையில் பழகிய கை, சுல்தானுக்கு முன்னாலும் தயங்கவில்லை.

பெல் நேர்மையாகத் தாம் பார்த்ததைச் சொல்லியிருந்தார். ஆனால் மணலை மட்டும்தான் இங்கிருந்து எடுத்தாரா, பிள்ளைக்குப் பிள்ளை வாத்தியார் என்பதையுமா? இதற்கு விடை கன்னிமாரா நூலகத்தில், ஆய்வாளர் தரம்பாலின் நூலில் கிடைத்தது. 1983-இல் ஆங்கிலத்தில் வந்து, ‘அழகிய மரம்’ என்று தமிழிலும் வெளியான நூல். மெட்ராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். வந்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதற்காக மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளைத் தரம்பால் அந்த நூலில் தொகுத்திருக்கிறார். அவற்றில் பெல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823-இல் எழுதிய அறிக்கைதான் நான் தேடியது. இங்கே பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகுகிறார்கள், முன்னேறிய பிள்ளை பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், செலவு குறைவு, படித்ததும் மனத்தில் உறைக்கிறது, இங்கிலாந்து இதைப் பார்த்துச் செய்தது தகும் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். பெல்லின் அறிக்கை வந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு, கம்பெனியின் அதிகாரி ஒருவரே எழுத்தில் கொடுத்த சாட்சியம் இது.

இன்னும் பின்னால் போனால் 1623. பியெட்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி, கர்நாடகத்து இக்கேரியில் கோயில் முகப்பில் சில சிறுவர் கணக்குப் படிப்பதைப் பார்க்கிறார். வாத்தியார் யாரும் இல்லை. தரையில் மணலைத் தூவி, வாயால் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறார்கள்; தரை நிறைந்தால் அழித்துவிட்டு மறுபடி மணலைத் தூவுகிறார்கள். பெல் பிறப்பதற்கு 130 ஆண்டுகளுக்கு முந்தைய காட்சி. எனக்கு அதற்கு மேல் சந்தேகம் இருக்கவில்லை.

காகிதத்தில் படித்தது போதாதென்று எங்கள் தெருத் தாத்தா ஒருவரிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர், சிறு வயதில் கிராமத்தில் திண்ணைப் பள்ளியில் படித்தவர். “மணல்னா எந்த மணலும் இல்லம்மா. ஏரிக்கரையில் அள்ளி, சலிச்சு, காயவெச்சது. சட்டாம்பிள்ளை வந்து எங்க ஆள்காட்டி விரலைப் பிடிச்சு அழுத்தி இழுப்பான். சுழிக்கு வரும்போது விரல் எரியும். ஆனா அந்தச் சுழி மறக்காது” என்றார். பேசிக்கொண்டே தொடைமேல் விரலால் ‘அ’ போட்டார். மேலே தொடங்கி, சுழித்து, கீழே இறங்கி, முடிப்பு வரை ஒரே இழுப்பு. எண்சுவடியை இரவில் முறை சொன்னதையும், பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் படித்ததையும் அடுக்கிக்கொண்டே போனார்.

தண்டனையாகக் கோதண்டத்தில் தொங்கவிட்டதையும் அவரேதான் சொன்னார். அதை மறைத்துவிட்டுத் திண்ணைப் பள்ளியைப் புகழ எனக்கு விருப்பமில்லை. மன்றோ எடுத்த கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடம் கிடையாது. பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்று கேம்பலும் குறை சொன்னார், அதுவும் உண்மைதான். இன்று எங்கள் வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள். முன்வந்து சொல்லிக்கொடுப்பவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். இந்த ஒரு மாற்றத்துக்காக நான் பழைய காலத்தை ஒருபோதும் திரும்பக் கேட்க மாட்டேன். எனக்கு வேண்டியது அந்த முறை மட்டும்.

அந்த முறை கடல் தாண்டிப் போன பிறகு என்ன ஆனது என்பதையும் படித்தேன். இந்தத் தேடலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். லங்காஸ்டர் 1798-இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை. சின்னவர்களுக்கு மணல் தட்டு, பெரியவர்களுக்குப் பலகை. 1811-இல் தேசியச் சங்கம் என்ற அமைப்பு பெல்லின் முறையைக் கையில் எடுத்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் எழுந்தன. தர்மம் செய்தவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் அது பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றே: செலவு மிச்சம். ஆசிரியர் சம்பளம் ஒன்று, பிள்ளைகள் ஐந்நூறு. கட்டளைக்கு எழுந்து, கட்டளைக்கு உட்கார்ந்து, பஞ்சாலை போல நடந்தன அந்தக் கூடங்கள். திண்ணையில் இருபது பிள்ளைகளுக்கு நடுவே விரல் பிடித்துச் சொல்லித்தந்த முறை, ஆசிரியர் இல்லாத குறையை மூடும் திரையாக அங்கே மாறிவிட்டது. பிறகு மிஷன் பள்ளிகள் வழியாக அதே முறை ஆங்கிலேயரின் புது முறை என்ற பேரோடு நம் ஊருக்குத் திரும்பியும் வந்தது.

என் கவலையும் இதுவே. 2024-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப் கொடுத்தார்கள். பள்ளி பள்ளியாகத் திறன்மிகு வகுப்பறைகளும் வந்தன. நல்ல காரியம். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பில் போனால், மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துத் திரையைப் போட்டுவிட்டு மற்ற இரண்டு வகுப்பைப் பார்க்கப் போக வேண்டியதாகிறது. அங்கே திரை செய்வது லங்காஸ்டரின் கூடம் செய்த அதே வேலை. அதற்கு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. காலிப் பணியிடத்தை நிரப்பாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரியான வழி என்ன என்பதற்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ரிஷி வேலிப் பள்ளியில் உருவான அட்டை முறையைக் கொண்டுவந்தார். செயல்வழிக் கற்றல் என்று பிறகு தமிழகம் முழுக்கப் போனது. நான் ஒன்றாம் வகுப்பு படித்தது அதில்தான். தரையோடு தரையாகச் சுவரில் கரும்பலகை, ஆளுக்குக் கொஞ்சம் இடம். சுவரில் ஏணிப்படி அட்டவணை. வட்டமாகப் பாய். அந்த வட்டங்களில் ஒன்று, சக மாணவர் உதவியோடு படிப்பவர்களுக்கு. பெல் பார்த்த காட்சி, இருநூறு ஆண்டு கழித்து அதே நகரத்துப் பள்ளியில், அடி இல்லாமல், சாதி பாராமல் நடந்தது. அந்தப் பாயில் உட்கார்ந்தபோது எனக்கு அது தெரியாது.

இப்போது என் பாடக்குறிப்பு இப்படி இருக்கிறது. காணொளி மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடாது. அணைத்ததும் இரண்டிரண்டு பேராகக் குச்சியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அரும்பு நிலைப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய தாம்பாளத்தில் சலித்த ஆற்று மணல். எம்-சாண்ட் ஆகாது, விரலைக் கீறும். டேப்பை ஒரு புது வேலைக்கும் வைத்துக்கொண்டேன்: புரிந்துகொண்ட பிள்ளை சொல்லிக்கொடுப்பதை, முகம் விழாமல், கையும் குச்சியும் மட்டும் தெரியும்படி பதிவு செய்து, அடுத்த நாள் பெரிய திரையில் போடுகிறேன். துள்ளிக் குதிக்கும் குச்சிப் படத்தைவிட அந்தக் கை பேசுவதை வகுப்பு கூர்ந்து கேட்கிறது. “ஒரு கட்டைப் பிரி” என்ற வாக்கியம் இப்போது எங்கள் வகுப்பின் பொதுச் சொத்து.

பெல் 1832-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-இல் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்று பெயர், இன்றும் நடக்கிறது. எழும்பூர் விடுதி பின்னாளில் நீலகிரிக்குப் போய் லாரன்ஸ் பள்ளியோடு கலந்துவிட்டது. பெல் கடந்துபோன அந்தத் தமிழ்ப் பள்ளி எந்தத் தெருவில் இருந்தது, வாத்தியார் யார், மணலில் எழுதிய பிள்ளைகள் யார் என்று அவர் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி நாம் இனி அறிய முடியாது. ஆனால் திண்ணையில் மணலில் எழுதிப் படித்த கடைசித் தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. எல்லோரும் எண்பதை ஒட்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் எழுதிய எழுத்து எது, மணல் எங்கிருந்து வந்தது, விரலைப் பிடித்தவர் யார், யாரை உள்ளே விடவில்லை. கைபேசியில் பதிவு செய்து, உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். எங்களுக்குப் பிறகு வரும் பயிற்சி ஆசிரியர்களின் கையேட்டில் அந்தப் பத்தி இங்கிலாந்திலிருந்து தொடங்கக் கூடாது.