எந்தக் கடல்?

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு தொல்லை இல்லை. எந்தக் கடலுக்குப் போகலாம் என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மனிதர்களின் பாடு அப்படியல்ல. இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் முழ நீளக் கடற்கரைகூடக் கிடையாது. அக்கினி நட்சத்திரம் தொடங்கி, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி வீட்டுத் திண்ணை வரையில் வந்து உட்கார்ந்துகொண்டதும், நாலு நாள் கடற்காற்று வாங்கி வந்தால் என்ன என்று தோன்றும். தோன்றிய மறுகணமே கேள்வியும் பிறக்கும்: புதுச்சேரியா, நாகப்பட்டினமா? இரண்டும் எங்களுக்கு ஏறத்தாழ ஒரே தொலைவு. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆகவே, தூரத்தைக் காரணம் காட்டி ஒன்றைத் தள்ளிவிடவும் வழியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் கடலே எங்களைத் தேடி வந்திருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்திருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் சிப்பிகளும், சுருள் சுருளான கடற்பிராணிகளின் ஓடுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணியல் அறிஞர்கள் அந்தப் பாறை அடுக்குகளுக்கு அரியலூர்ப் பெயரையே சூட்டிவிட்டார்கள். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டில் எம். எஸ். கிருஷ்ணன் என்ற மண்ணியல் அறிஞர் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். சிமெண்டு ஆலைகள் இன்று அரைத்துக்கொண்டிருப்பதுகூட ஒரு வகையில் அந்தப் பழைய கடலைத்தான். கடல் வந்தது, நாங்கள் பிறக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் போய்விட்டது!

எனக்குப் பெரம்பலூர், என் மனைவிக்கு அரியலூர். இந்த இரண்டு ஊர்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007இல் திரும்பவும் தனிக்குடித்தனம் போயிற்று. எங்கள் வீட்டு விவாதங்களும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். நாகப்பட்டினம் என்றாள் மனைவி. புதுச்சேரி என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

புதுச்சேரியின் கட்சி வலுவானது. நேர்க்கோடாக ஓடும் தெருக்கள், மஞ்சள் பூசிய சுவர்களுக்கு மேல் காகிதப் பூக்கொடி, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலையிலிருந்து நிம்மதியாக நடக்கலாம். பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர். எங்கள் மாவட்டத்துக்கும் அந்த ஊருக்கும் பழைய பந்தமும் ஒன்று உண்டு. பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைச் சாலையோரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறதல்லவா? 1751இல் அதன் அருகே, வாலிகண்டபுரத்தில், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகம்மது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம் நின்று மோதினார்கள். ஆங்கிலேயர் பின்வாங்கித் திருச்சிக்குப் போனார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிய காலம் அது.

நாகப்பட்டினத்தின் கட்சியோ இன்னும் பழமையானது. எங்கள் பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சிங்காதனம் இருந்தபோது, நாகைதான் சோழருடைய பெருந்துறைமுகம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பினார். சோழன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் டச்சுக்காரர் கையில் கடல் கடந்து போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டன. 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரம் சென்றது. கடாரம் என்பது இன்றைய கெடா. பினாங்குத் தீவு அதன் ஓரத்தில்தான் இருக்கிறது.

பினாங்கு என்ற பெயரை நான் சொன்னதும், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் தாயாரின் கை நின்றது.

அவர் பிறந்தது கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் ஒரு கிராமம். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1950இல், அவருடைய தகப்பனார் நாகையில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார், ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுத. ரஜூலா என்ற கப்பல். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை இந்தக் கரைக்கும் மலேயாவுக்கும் ஓடியது. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். தாத்தாவிடமிருந்து ஏழு வருஷம் கடிதமும் பணமும் வந்தன. பிறகு இரண்டும் நின்றன. மனிதர் இருந்தாரா, இறந்தாரா, அங்கேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டாரா, ஒன்றும் தெரியாது. பாட்டி கடைசிவரை மஞ்சள் கயிற்றோடுதான் இருந்தாள்.

அம்மா இதுவரை கடலைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று சொன்னதுமில்லை.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. எந்த ஊருக்குப் போகலாம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"எனக்கு என்ன ஆயி தெரியும்? எங்க தண்ணியில கால வைக்க முடியுமோ, அங்க போவோம்."

இந்த ஒரு வாக்கியத்தால் புதுச்சேரியின் கட்சி ஆட்டங்கண்டது. அந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1980களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டினார்கள். வருகிற மணலை அவை தடுத்துக்கொண்டன. வடக்கே போகிற மணல் போய்க்கொண்டே இருந்தது. கரை கரைந்தது. ஊரைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் நீண்ட தூரத்துக்கு இன்னும் பாறைதான். எண்பது வயது கடந்த கால்கள் அதில் இறங்க முடியாது. புதுச்சேரியில் கடலைப் பார்க்கலாம். நாகையில் கடலுக்குள் போகலாம்.

மகள் விடவில்லை. "அப்பாயி, 2004இல் சுனாமி வந்த ஊர் அது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள்" என்றாள். அவள் சொன்னது உண்மை. அன்று புதுச்சேரி நகரத்தைக் கடற்சுவர் காத்தது என்பதும் உண்மை.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க இருந்தவுங்க ஊர விட்டா போயிட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜயங்கொண்டம், அணைக்கரை, கும்பகோணம் வழியாக நாகைக்குப் போனோம். மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் அங்கே இல்லை. கருவாட்டு மணமும், வலை பின்னுகிறவர்களும், ஐஸ் பெட்டி சுமக்கிறவர்களும் இருந்தார்கள். அங்கே கடல் வேடிக்கைப் பொருளல்ல. அன்றாடம் வேலைக்குப் போய்வரும் இடம். கரையில் மணல் மட்டும் தாராளமாகக் கிடந்தது.

கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "பினாங்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அம்மா. கிழக்கே, சற்றே தெற்காகக் கையைக் காட்டினேன். அந்தத் திசையில் ஒரு படகுகூட இல்லை. அவர் அழவில்லை. "இம்மாந்தூரம் தெரியாத எடத்துக்கா போனாரு!" என்றார். எழுபது ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்த கோபத்தில் ஒரு பங்கு அந்தச் சொல்லோடு போயிற்று என்று எனக்குத் தோன்றியது. மகள் அப்பாயியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளி விடுமுறைக்குப் புதுச்சேரி என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அழகான ஊர், அது அங்கேயேதான் இருக்கும். கடற்கரை ஊர்களில் எது சிறந்தது என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் வேறொரு கேள்வியைத்தான் திருப்பிப் போடுகிறேன்: உங்கள் வீட்டில் கடலிடம் யாருக்கு என்ன வேலை இருக்கிறது? அது தெரிந்துவிட்டால், ஊர் தானாகத் தெரிந்துவிடும்.