கலைந்த எழுத்துக்கள்

எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிரைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவோர் உளர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லர். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றுப் பதிகத்தைத் திருஞானசம்பந்தர் அருளியிருக்க, எழுத்தோடு விளையாடுதல் எமக்குப் புதிதென்று யார் சொல்வார்?

மேனாட்டிலே பேரறிஞரும் இதில் ஈடுபட்டனர். 1610 ஆம் ஆண்டில் கலிலியோ தமது தொலைநோக்கியாற் சனிக் கிரகத்தைப் பார்த்தபோது அது மூன்று உருவாய்த் தோன்றிற்று. கண்டதை உடனே வெளியிடவும் அவர் விரும்பவில்லை; முதலிற் கண்டவர் என்னும் உரிமையை இழக்கவும் மனமில்லை. இலத்தீன் வாக்கியமொன்றைக் குலைத்து, 37 எழுத்துக் கொண்ட பொருளற்ற தொடராக்கி அனுப்பிவைத்தார். கெப்ளர் அதனோடு மல்லாடி, செவ்வாய்க்கு இரு துணைக்கோள்கள் உண்டென்று பொருள் கொண்டார். விடை பிழை. ஆயினும் வேடிக்கையைப் பாருங்கள்: 1877 ஆம் ஆண்டில் அசாப் ஹோல் என்னும் அமெரிக்க வானியலறிஞர், செவ்வாய்க்கு மெய்யாகவே இரு துணைக்கோள்கள் இருப்பதைக் கண்டறிந்தார்! கலிலியோ கண்ட மூவுருவோ, பின்னர் வளையமாய் முடிந்தது.

தமிழில் இவ்விளையாட்டுக்குத் தனிச் சுவையுண்டு. கலவை, கவலை என்னும் இரண்டையும் காதாற் கேட்பவர், ஒன்றை மாற்றி அடுக்கினால் மற்றையது வந்துவிடும் என மயங்குவர். எழுதிப் பார்த்தால் அவற்றின் எழுத்துக்களே வேறு. முன்னதில் லகரமும் வையும். பின்னதில் வகரமும் லையும். இனி, மலர் என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்றெழுத்தை ஆறு வகையாக அடுக்கலாம். லகரம் மொழிக்கு முதலாகாது, மெய்யெழுத்தும் முதலாகாது. நான்கு வகை அங்கேயே அடிபட்டுப் போகின்றன. எஞ்சிய இரண்டில் ஒன்றுக்குப் பொருளில்லை. நன்னூற் சூத்திரத்தை உருப்போடச் சொன்னால் முகஞ்சுளிக்கும் பிள்ளைகள், புதிரின் வாயிலாக அதன் பயனைத் தாமே கண்டுகொள்கிறார்கள். வகுப்பிலே இதனைப் பன்முறை பார்த்து மகிழ்ந்திருக்கிறோம்.

ஆனால் புதிரை அமைப்பவருக்கும் தமிழ் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலைகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் 'வு, க, த' என மூன்றெழுத்துக்களைக் கொடுத்திருந்தனர். வேறு குறிப்பெதுவும் இல்லை. எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி 'தகவு' என எழுதினாள். நடுவர்கள் சிவப்பு மையாற் குறுக்கே கோடிழுத்து, 'கதவு' எனத் திருத்திவிட்டார்கள். அந்த ஒரு புள்ளியாற் பரிசு கைநழுவிற்று.

விடைத்தாளோடு வந்தவள் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். "நடுவுநிலைமை அதிகாரத்திலே படிப்பித்தீர்கள், சேர். தகவு என்றால் நேர்மை என்றுதானே சொன்னீர்கள்?" என்றாள். நேர்மையைக் குறிக்கும் சொல்லையே நடுவர்கள் வெட்டியிருந்தார்கள்! அகராதிப் பக்கத்தைப் பிரதி செய்து, இரு விடைகளும் சரியே என விளக்கிக் கடிதம் எழுதினோம். சிறுவருக்குப் பழக்கமான சொல்லையே தாம் எதிர்பார்த்ததாகவும், முடிவை மாற்ற இயலாதெனவும் இரண்டே வரியிற் பதில் வந்தது. பிள்ளைகள் அறிந்ததற்கு மேல் அறிந்திருத்தலும் ஒரு குற்றம் போலும்! கடிதத்தை அவளிடமே கொடுத்தோம். வாசித்துவிட்டு மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகைக்குப் புதிர்ப் பகுதியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். முதற் புதிரில் 'ம், வ, த' என்னும் எழுத்துக்கள். தவம் என்றும் வரும், வதம் என்றும் வரும். கீழே சிறிய எழுத்தில், "இரண்டில் எதனை எழுதினாலும் முழுப்புள்ளி" என்று குறித்திருந்தாள்.